வாணி மேடம் சொன்னால் போடலாம்

மார்ச் 3, திங்கள்

தன்யாவுக்கு இன்று ப்ளஸ் டூ முதல் பரீட்சை. பள்ளி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது அவள் தோழி ஒருத்தி, "ஆன்ட்டி, உங்க ஆபீஸ்ல நீங்க என்னதான் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். பரீட்சைப் பயத்தை மறக்க எதையாவது கேட்கிற பிள்ளை. இந்தக் காலத்து வண்டிகளில் இன்ஜினை ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான் நடத்துகிறது, மெக்கானிக்குகள் அதை ஈசிஎம் என்பார்கள், அதற்குள் இருக்கும் ப்ரோக்ராமைப் படிக்கவும் திருத்தி எழுதவும் எங்கள் கம்பெனி ஒரு பெட்டி செய்து விற்கிறது, அந்தப் பெட்டி மக்கர் செய்தால் எனக்குப் போன் வரும் என்றேன்.

"அப்போ கஸ்டமர் கேரா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பெட்டிக்குள் ஓடும் ப்ரோக்ராமை முதன்முதலில் எழுதியதே நான்தான் என்று சொல்லியிருக்கலாம்.

ஆபீஸுக்குள் நுழையும்போதே போன். ஒட்டன்சத்திரம் மெக்கானிக் நாச்சிமுத்து அண்ணன். ஒரு பிக்கப் வண்டி மேடு ஏற மாட்டேன் என்கிறதாம். எங்கள் பழைய மாடல் நீலப்பெட்டியை மாட்டச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, எதை மாற்ற வேண்டும் என்று சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். காற்று இரைச்சலுக்கு நடுவே, "அம்மணி, மேட்டு உச்சியில நின்னு பேசறேனுங்க!" என்று கத்தினார். இந்த மாதிரி ஒரு போன் வந்தால் அன்றைக்குப் போதும் எனக்கு.

மத்தியானம் தயா என் மேஜைக்கு வந்தான்.

"மேடம், நீலப்பெட்டி இன்னும் எத்தனை பேர் வச்சிருக்காங்க?"

"முக்கால்வாசிப் பேர் அதுதான் சார்."

"ஏழு வருஷம் ஆச்சே. இன்னும் சாகலையா அது?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். நம் பெட்டி அப்படி.

தயாபரனும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. அவன் வீட்டு மாடியறையில்தான் முதல் பெட்டியைச் செய்தோம். அவன் சால்டரிங் வைத்தான், நான் ப்ரோக்ராம் எழுதினேன். ஆட்கள் முன்னால் சார், மேடம். தனியாக இருந்தால் தயா, வாணி. கம்பெனியைப் பதிவு செய்த வாரம் தன்யாவுக்கு டெங்கு, நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். உன் கையெழுத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றான். பிறகு அவனுக்கு ஆயிரம் வேலை. வீட்டில் இவர் ஒருமுறை, "உன்னைப் பார்ட்னராப் போட்டானா இல்லையா?" என்று கேட்டபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. நட்பு என்றால் இவருக்கு என்ன தெரியும்.

மார்ச் 6, வியாழன்

ட்ரெயினிங் அறை முழுக்க அட்டைப்பெட்டிகள். புது மாடல், கருப்புப் பெட்டி. உட்கார நாற்காலி போட இடமில்லை. இவ்வளவு எதற்கு என்றேன். வடநாட்டு ஆர்டர் என்றான் தயா. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த விளக்கத் தாள் தமிழில் இருந்தது. வடக்கேயும் நம் ஆட்கள் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார்களே, அவர்களுக்காக இருக்கும்.

மார்ச் 8, சனி

குழாயில் தண்ணீர் வரவில்லை. கேஸும் பாதி தோசையில் தீர்ந்தது. மீதி மாவைப் பக்கத்து வீட்டில் போய்ச் சுட்டு எடுத்துவந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

தயா அறைக்குக் கூப்பிட்டான். புது அப்டேட் வருகிறதாம். கஸ்டமர்கள் எல்லாரும் உடனே போட்டுக்கொள்ள வேண்டும், வாட்ஸ்அப் குரூப்பில் நான் பேசி அனுப்ப வேண்டும் என்றான்.

"நீலப்பெட்டியில ஓடுமா? நான் ஒருதடவை பாத்துடறேனே" என்றேன்.

டிசம்பரிலிருந்து ப்ரோக்ராம் இருக்கும் இடத்துக்குள் என்னால் நுழைய முடியவில்லை. பாஸ்வேர்டு எல்லாம் மாற்றிவிட்டார்கள், பெங்களூர்ப் பையன்கள்தான் இப்போது எழுதுகிறார்கள். எனக்கும் திறந்துவிடச் சொல்கிறேன் என்றான், மறந்துவிட்டான் போல.

"வாணி, நீ எழுதின பெட்டி அது. அதை நான் கைவிடுவேனா?"

அப்படிக் கேட்டபிறகு என்ன சொல்வது. பேசினேன். ஹெட்போன் மாட்டிக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா பழைய பெட்டிக்காரங்களும் போடலாம்னு சேத்துக்கோ. உன் வழக்கம்போலச் சொல்லு" என்றான். மறுபடியும் பேசினேன். "வணக்கம்ங்க அண்ணா, வாணி பேசறேன். புது அப்டேட் வந்திருக்குங்க. பழைய நீலப்பெட்டி வச்சிருக்கறவங்களும் தைரியமாப் போடுங்க. ஏதாச்சும்னா நான் இருக்கேன்."

அனுப்பி ஐந்து நிமிடத்துக்குள் குரூப்பில் பதில்கள். கரூரிலிருந்து ஒருவர், "வாணி மேடம் சொன்னா போடலாம்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே எல்லாரும் கட்டைவிரல். வீட்டுக்கு வந்து தன்யாவிடம் காட்டினேன். "அம்மா, நீ பெரிய ஆளு" என்று சொல்லிவிட்டுக் கணக்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மார்ச் 14, வெள்ளி

தயா இன்று ஆச்சரியப்படுத்திவிட்டான். "இத்தனை வருஷத்துல உனக்காகன்னு ஒரு லீவு எடுத்ததில்ல. திங்கள்லேருந்து ஒரு வாரம் வீட்ல இரு. பாப்பாவுக்குப் பரீட்சை. பக்கத்துல இருந்து பாத்துக்கோ" என்றான். சப்போர்ட் போனை ஆபீஸிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னான். இல்லாவிட்டால் வீட்டிலும் அதையே பேசிக்கொண்டிருப்பேனாம். என்னை அவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறான்.

மார்ச் 18, செவ்வாய்

வீடு. மிளகாய் காயவைத்தேன். பீரோவை ஒதுக்கினேன். தன்யாவுக்கு அரைமணிக்கு ஒருதடவை ஏதாவது கலக்கிக்கொண்டு போய்க் கொடுத்ததில், "அம்மா, ப்ளீஸ், ஆபீஸ் போயேன்" என்கிறாள்.

போன் இல்லாமல் காது என்னவோ போல் இருக்கிறது. ஆபீஸுக்குப் பேசினேன், ரிசப்ஷனில் எடுத்த பையன் பின்னால் ஒரே சத்தம். "ஒண்ணும் இல்ல மேடம், கொஞ்சம் பிஸி" என்று வைத்துவிட்டான்.

மார்ச் 20, வியாழன்

மத்தியானம் காலிங்பெல். திறந்தால் நாச்சிமுத்து அண்ணன். பொங்கலுக்குப் பொங்கல் பஸ்ஸில் முருங்கைக்காய் போட்டுவிடுகிறவர் என்பதால் வீட்டு முகவரி அவரிடம் உண்டு. ஏழு வருடப் பழக்கத்தில் நேரில் பார்ப்பது இதுதான் முதல்முறை. குரலை வைத்துத் தடித்த ஆளாக நினைத்திருந்தேன். ஒல்லியாக, சட்டைப் பையில் டெஸ்டர் செருகிய மனிதர். கையில் துணிக்கடைக் கவர்.

"வாங்கண்ணா, உள்ள வாங்க."

"இல்லீங்க. இங்கயே நிக்கறேன்." கவரிலிருந்து நீலப்பெட்டியை எடுத்து நீட்டினார். "ஏன் அம்மணி இப்படிப் பண்ணுனீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொன்னார். அப்டேட் போட்டபின் பெட்டி நன்றாகத்தான் ஓடியதாம். திங்கட்கிழமை காலையில், மச்சினன் மயில்சாமியின் மினி லாரிக்கு ஈசிஎம் எழுதிக்கொண்டிருந்தபோது, பாதியில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிட்டது. 'இந்தக் கருவிக்கு இனி சப்போர்ட் கிடையாது' என்று திரையில் வந்ததாம். பாதி எழுதிய ஈசிஎம்மை வைத்து வண்டி ஓடாது.

"காய் ஏத்தறதுக்கு மார்க்கெட்டே காத்திருக்குதுங்க. ஷோரூம்ல கேட்டா புது ஈசிஎம் வர ஒரு மாசம் ஆகுங்கறான். நான் வேணும்னே வண்டியைக் கெடுத்துட்டேன்னு மச்சினன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான். எம் பொண்டாட்டியும் அந்தத் தம்பி வீட்டுக்கே போயிட்டா."

"அண்ணா, ஏதோ தப்பு நடந்திருக்கு. நான் தயா சார்கிட்ட பேசறேன். அவர் அப்படிப்பட்டவர் இல்ல."

"ஆபீஸுக்குப் போன் பண்ணாமயா வந்திருப்பேன்? பழைய பெட்டியை நிறுத்தினது வாணி மேடம் எடுத்த முடிவு, அவங்க லீவுல இருக்காங்க, கருப்புப் பெட்டி வாங்கிக்கங்கன்னு சொல்றாங்க."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்காமல் சுவர்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பெட்டி என் கையில்.

போனில் அப்படிச் சொன்னவன் புதுப் பையனாக இருக்கும். விவரம் தெரியாமல் ஏதோ உளறியிருப்பான்.

உள்ளே திரும்பினால் தன்யா கதவோரம் நிற்கிறாள். "அம்மா, நீயா எடுத்த முடிவு?" என்றாள். படிக்கப் போ என்று அதட்டினேன்.

மார்ச் 21, வெள்ளி

எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஆபீஸுக்குப் போய் நேராகத் தயா அறைக்குள் நுழைந்தேன். கதவை அவனே சாத்தினான். "உக்காருங்க மேடம்" என்றான். அறையில் வேறு யாரும் இல்லை.

"தயா, அந்த அப்டேட்ல ஏதோ தப்பு. நீலப்பெட்டியெல்லாம் பூட்டிக்கிச்சு."

"தப்பு இல்ல."

உட்கார்ந்தேன்.

"பழைய பெட்டியில மெமரி பத்தல. புது வண்டிகளை அது தாங்காது" என்றான்.

"பத்தும். பாதிக்குமேல காலியா விட்டிருக்கேன். பின்னாடி வேணும்னு நீதான் விடச் சொன்னே."

பிறகு எனக்கு ஏதோ உபகாரம் செய்கிறவன்போல் விஷயத்தைச் சொன்னான். மும்பைக் கம்பெனி ஒன்று எங்களை வாங்கப் போகிறது. பழைய பெட்டிகளைச் சுமந்துகொண்டு வர அவர்கள் தயாராக இல்லை. எல்லாரும் கருப்புப் பெட்டிக்கு மாறியாக வேண்டும்.

"அதை நேராச் சொல்லியிருந்தா மாறறவங்க மாறியிருப்பாங்க."

"நல்லா ஓடற பெட்டியை எவன் தூக்கிப் போடுவான்?"

"அதுக்கு நான் எதுக்குப் பேசணும்?"

"நான் சொன்னா ஒருத்தன்கூட அப்டேட் போட மாட்டான் வாணி. நான் விக்கறவன். நீ அவங்க ஆளு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா உன் குரல்ல தெரிஞ்சிருக்கும்."

இதைச் சாதாரணமாகச் சொன்னான். யோசித்து வைத்திருந்த பதில்கூட இல்லை. டீ குடிக்கிறாயா என்று கேட்கிற மாதிரி.

வாணி மேடம் முடிவு என்று ஏன் சொல்லச் சொன்னாய் என்று கேட்டேன். சூடு ஆறுகிறவரைக்கும்தான் என்றான். உன்மேல் யாருக்கும் ரொம்ப நாள் கோபம் நிற்காது என்றான். பிறகு தன் போனை என் பக்கம் நகர்த்தினான். பழசைக் கொடுத்துக் கருப்பை வாங்கிக்கொள்ளும்படி நான் இன்னொருமுறை பேச வேண்டும். புதுக் கம்பெனியில் சப்போர்ட்டுக்கு நான்தான் தலைமையாம். அதைச் சொல்லும்போது உண்மையாகவே சந்தோஷமாக இருந்தான்.

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வாசலில் செக்யூரிட்டி வணக்கம் வைத்தார். நானும் வைத்தேன்.

அழவில்லை. சிக்னலில் பக்கத்து வண்டிப் பெண், "என்னாச்சுங்க அக்கா?" என்று கேட்டாள். தூசி என்றேன்.

மார்ச் 22, சனி

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். சொல்லியிருக்கலாம்.

மார்ச் 25, செவ்வாய்

தன்யாவுக்குக் கடைசிப் பரீட்சை முடிந்தது. வந்ததும் புத்தகப் பையை மூலையில் எறிந்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். மேஜைமேல் நாச்சிமுத்து அண்ணனின் பெட்டி திறந்து கிடந்தது.

மூன்று நாளாக அதோடுதான் இருக்கிறேன். என் பழைய கம்ப்யூட்டரில் முதல் ப்ரோக்ராம் அப்படியே இருந்தது. அப்டேட் உள்ளே இருப்பதை எல்லாம் மாற்றியிருந்தாலும், பெட்டி உயிர்பெறும் முதல் அடியை மட்டும் தொடவில்லை. அதைத் தொட அவர்களுக்கு வழி இல்லாமல் எழுதியிருந்தேன். ஓரத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டே மாட்டினால் போதும், பெட்டி வெறுமையாகக் காத்திருக்கும். பழைய ப்ரோக்ராமை அனுப்பினேன். பச்சை விளக்கு.

தன்யா கைதட்டினாள். எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. முன்பெல்லாம் பச்சை எரிந்தவுடன் முதலில் யாரைக் கூப்பிடுவேன் என்று ஞாபகம் வந்தது.

மார்ச் 27, வியாழன்

என்னைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாச்சிமுத்து அண்ணனுக்குப் போன் செய்து நடந்ததை எல்லாம் சொன்னேன். கடைசியில், "அனுப்புங்க, குரூப்ல போட்டுப் பாக்கறேன்" என்றார். நான் பேசியதையும் ப்ரோக்ராமையும் அவர்தான் குரூப்பில் போட்டார்.

என்ன நடந்தது, யார் செய்தது, எப்படிச் சரிசெய்வது என்று தெளிவாகத்தான் பேசியிருந்தேன். எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், வந்த பதில்களை அண்ணன் எனக்கு அனுப்பினார். ஒருவரும் போடவில்லை. "மறுபடியுமா?" என்று ஒருவர். "போன தடவையும் இதே மாதிரிதான் சொன்னீங்க மேடம்" என்று ஒருவர். கரூர்க்காரர் ஒன்றும் எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆபீஸிலிருந்து, இது கம்பெனி அனுப்பியதில்லை, போட்டால் நாங்கள் பொறுப்பில்லை என்று அறிவிப்பு. நாச்சிமுத்து அண்ணனையும் எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் அவரைக் கூப்பிட்டேன். "அண்ணா, உங்க பெட்டி ரெடி. பஸ்ல போட்டுவிடட்டுமா?"

"வேண்டாம்ங்க. நீங்களே கொண்டுவாங்க. வந்து என் கண்ணு முன்னாடி வண்டியில மாட்டிக் காட்டுங்க."

அவரும்தான் நம்பவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஒட்டன்சத்திரம். இவர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஒர்க்‌ஷாப் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. மினி லாரி வெயிலில் நின்றிருந்தது. அதன் படியில் ஒரு முரட்டு ஆள் உட்கார்ந்திருந்தார். மயில்சாமி என்று சொல்லாமலே தெரிந்தது.

"இந்தம்மா பேச்சைக் கேட்டுத்தான மாமா என் வண்டியைக் கொன்னே?"

"மாப்ள, சும்மா இரு. சரிபண்ணத்தான் வந்திருக்காங்க."

"சரிபண்ணட்டும். ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகறவரைக்கும் இவங்க இங்கிருந்து போகக்கூடாது."

நாச்சிமுத்து அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து எனக்குப் போட்டார். மயில்சாமி சொன்னதற்கு அவரும் சம்மதம் என்பது அந்த நாற்காலியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது.

ஈசிஎம்மைக் கழற்றி மேஜைமேல் வைத்து, பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து, முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. எழுதுவதற்கு முன் எடுத்து வைத்த நகல் நல்லவேளையாக அண்ணன் லேப்டாப்பில் இருந்தது. திரையில் கோடு ஊர்ந்துபோவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதியைத் தாண்டும்போது நாச்சிமுத்து அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். முடிந்ததும் நான்தான் கூப்பிட்டேன்.

மாட்டிச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பில் வரவில்லை. மயில்சாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது திருப்பில் உறுமிக்கொண்டு வந்தது. பிறகு மயில்சாமி ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாச்சிமுத்து அண்ணன் மனைவிக்குப் போன் போட்டார். "வண்டி வருது. நீ அதுலயே வந்திரு" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரி சரி" என்று இரண்டுமுறை சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டுவரை பைக்கில் கொண்டுவந்து விட்டார். இறங்கியதும், "உங்க மேல தப்பில்லீன்னு இப்பத் தெரியுதுங்க அம்மணி" என்றார். கொஞ்சம் தயங்கி, "ஆனா இனிமே எதுன்னாலும் நேர்லயே வந்து போட்டுக் குடுத்துருங்க. போன்ல வேண்டாம்" என்றார்.

சரிங்கண்ணா என்றேன். பஸ் பழனி தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

தயா கூப்பிட்டான். நான் ராஜினாமா அனுப்பியதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒட்டன்சத்திரம் போனேனாமே என்றான். அந்த ப்ரோக்ராம் கம்பெனி சொத்து, வக்கீல் வரைக்கும் போக வேண்டாம் என்று பார்க்கிறேன், நம் நட்புக்காகச் சொல்கிறேன் என்றான்.

அவன் பேசப் பேச, நான் எதற்காகவோ காத்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்ததே அதற்காகத்தான் போலிருக்கிறது. அது வரவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

"வக்கீலை அனுப்புங்க சார்" என்றேன்.

"என்ன வாணி, சார்ங்கற?"

வைத்துவிட்டேன்.

இரவு சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன், அன்றைக்கு நீங்கள் கேட்டது சரிதான் என்று. "எதை?" என்றார். மறந்தமாதிரி இருந்தார். ரசம் ஊற்றினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

தாராபுரம். போன் செய்தால் எடுக்க மாட்டார்கள் என்று நேராகவே போனேன். அங்கே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஜெயகாந்தி, குரூப்பில் இருந்த ஒரே பெண் மெக்கானிக். என்னை வெயிலில் நிற்க வைக்கவில்லை. மோர் வாங்கிக் கொடுத்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். ஒட்டன்சத்திரத்து வண்டி ஓடுகிறது, வேண்டுமானால் அவரிடமே கேட்டுக்கொள் என்றேன்.

"கேட்டேனுங்க்கா. ஓடுதுன்னுதான் சொன்னார்."

"அப்புறம் என்ன கண்ணு? பெட்டியைக் குடு. கால்மணி நேர வேலை."

நீலப்பெட்டி அவள் பின்னால் அலமாரியில், துணி சுற்றி இருந்தது. அவள் எடுக்கவில்லை.

"உங்களைத் திட்டணும்னு நெனச்சேன், முடியல. நம்பணும்னு நெனக்கறேன், அதுவும் முடியலீங்க்கா. இன்னிக்கு வேண்டாம்."

கட்டாயப்படுத்தவில்லை. மோர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்தாள். நாளைக்கும் கடை உண்டா என்று கேட்டேன். உண்டு என்றாள்.

காலை முதல் பஸ்ஸுக்குப் போக வேண்டும். தன்யா அலாரம் வைத்துவிட்டாள்.